புரையோடாமல் காத்த புண்ணியவான்

ஜோசப் லிஸ்டர் வரலாறு

வேலூர்க் கோட்டையைத் தாண்டித் தெற்கே போனால் பாகாயம் வருகிறது. அங்கே, குன்றுகளும் மரங்களும் சூழ்ந்த இடத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1932ஆம் ஆண்டு முதல் அந்த வளாகத்தில் டாக்டர் படிப்பு நடந்து வருகிறது.

டாக்டருக்குப் படிக்க வரும் பிள்ளை, கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கை கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கும் ஒரு பாடமா என்று வீட்டில் இருப்பவர்கள் வியக்கலாம். அந்தப் பாடம் எவ்வளவு பெரியது என்பதற்கு, பாகாயத்திலிருந்து அதிக தூரம் போகாமலே ஒரு சாட்சி உண்டு.

2022, 2023ஆம் ஆண்டுகளில் வாணியம்பாடிப் பக்கத்தைச் சேர்ந்த சிலர், காய்ச்சலும் தலைவலியும் நாக்குழறலுமாக நோயில் விழுந்தார்கள். ஒரு கிருமி அவர்களுடைய மூளையைத் தாக்கியிருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி அது. அது எப்படி மூளைக்குப் போயிற்று? வேலூர் மருத்துவக் கல்லூரி டாக்டர்களும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தாரும், பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துப்புத் துலக்கினார்கள். நோயுற்றவர்களில் பலர் ஒரே பல் வைத்தியசாலைக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. பல்லுக்கு வைத்தியம் செய்த இடத்தைக் கழுவுவதற்காக அங்கே ஓர் உப்பு நீர்ப் புட்டி இருந்தது. அந்தப் புட்டியைச் சிகிச்சைக் கருவி ஒன்றினாலேயே திறந்திருக்கிறார்கள். மிச்ச நீரைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எட்டு உயிர்கள் போய்விட்டன. இந்த விவரங்கள் 2025ஆம் ஆண்டில் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயின.

பல்வலிக்குப் போனவர்கள் அவர்கள்! பகைவன் யாரும் அவர்களைக் கொல்லவில்லை. குணப்படுத்த வந்த கருவியும் கழுவ வந்த நீருமே கூற்றுவனை அழைத்து வந்தன.

இப்படியும் நடக்கும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்கு எடுத்துச் சொன்னார் ஒருவர். அவர்தான் ஜோசப் லிஸ்டர்.

பூதக்கண்ணாடி வீட்டுப் பிள்ளை

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, லண்டனை அடுத்த அப்டன் என்ற ஊரில் லிஸ்டர் பிறந்தார். தந்தை திராட்சை மது வியாபாரி. ஆனால் அவருடைய மனம் பூதக்கண்ணாடியில்தான் இருந்தது. அக்காலத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருவங்களின் ஓரத்தில் வண்ண வண்ணமாக நிழல் படியும். எதுவும் தெளிவாகத் தெரியாது. அந்தக் குறையைப் போக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் இந்த வியாபாரிதான். அதற்காக இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானச் சபை அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

ஆகவே, மற்றப் பிள்ளைகள் கோலி விளையாடும் வயதில், லிஸ்டர் தந்தையின் கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியாத உலகத்தைப் பார்த்தார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பொருள்களும் உண்டு என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த காரியத்துக்கு அப்போதே வித்து விழுந்துவிட்டது.

லண்டனில் டாக்டர் படிப்பை முடித்தார். 1853இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போனார். அங்கே ஜேம்ஸ் சைம் என்பவர் ரண சிகிச்சையில் பெயர் பெற்ற நிபுணர். அவரிடம் சீடராகச் சேர்ந்தார். 1856இல் அவருடைய மகள் ஆக்னெஸை மணந்தார். லிஸ்டரின் குடும்பம் குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தது. வெளியே பெண் எடுத்ததால் அவர் அந்தப் பிரிவை விட்டு விலக நேர்ந்தது. அவர் மனம் கலங்கவில்லை. ஆக்னெஸும் அவருக்கு மனைவியாக மட்டுமின்றி உதவியாளராகவும் விளங்கினார். கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதினார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பிழைத்தவர்கள் பாதி

1860இல் லிஸ்டர் கிளாஸ்கோ நகரத்தில் பேராசிரியரானார். அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை வார்டு அவருடைய பொறுப்பில் வந்தது.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரியை இன்று நினைத்தாலும் உடல் நடுங்கும். மயக்க மருந்து 1846இல்தான் வந்திருந்தது. அதனால் நோயாளிக்கு வலி தெரியவில்லை. டாக்டர் பதற்றமில்லாமல் அறுத்தார், தைத்தார். ஆனால் நான்காம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் வரும். புண் வீங்கும், சீழ் பிடிக்கும், புரையோடும். அப்புறம் ஆள் பிழைப்பது அரிது.

டாக்டர்கள் அன்றாட உடுப்பின் மேல் பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு அறுவை செய்வார்கள். அதில் பல நாள் இரத்தமும் சீழும் காய்ந்து மொரமொரப்பாக நிற்கும். அது அனுபவத்தின் அடையாளம் என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட கையால் அடுத்தவரின் புண்ணைத் தொடுவார்கள். கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போடுவதோடு சரி. புண்ணில் சீழ் வருவது ஆறுகிற அறிகுறி என்றுகூட எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

லிஸ்டருடைய வார்டுக்குப் பக்கத்தில், 1849இல் காலராவில் இறந்தவர்களை ஆழமில்லாமல் புதைத்த இடம் இருந்தது. கெட்ட காற்றினால்தான் புண் அழுகுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். லிஸ்டருக்கு அது முழுத் திருப்தி அளிக்கவில்லை. அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். கை கால்களை எடுக்க நேர்ந்த 35 பேரில் 16 பேர் இறந்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதி! இவர்கள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

தோல் மண்டி சொல்லும் பாடம்

1865ஆம் ஆண்டில், ரசாயனப் பேராசிரியரான ஆண்டர்சன் என்ற நண்பர், பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி ஒருவரின் கட்டுரைகளைப் படிக்கும்படி லிஸ்டரிடம் கூறினார். அந்த விஞ்ஞானி லூயி பாஸ்டர். பால் புளிப்பதற்கும் இறைச்சி அழுகுவதற்கும் காற்று மட்டும் காரணம் அல்ல. காற்றிலும் தூசியிலும் உள்ள நுண்ணிய உயிர்களே காரணம் என்று பாஸ்டர் சோதனை செய்து காட்டியிருந்தார்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். உரித்த தோலை அப்படியே போட்டு வைத்தால் நாற்றம் எடுத்து, மயிர் உதிர்ந்து, வீணாகிவிடும். அதனால்தான் தோல் மண்டிக்கு வரும் பச்சைத் தோலின் மேல் உப்பை அள்ளிப் போட்டு வைக்கிறார்கள். உப்பு, அழுகலை உண்டாக்கும் கிருமிகளை வளர விடாமல் தடுக்கிறது. தோல் தப்பிக்கிறது.

லிஸ்டரின் மனத்தில் மின்னல் அடித்தது. செத்த இறைச்சி அழுகுவதும் உயிருள்ள மனிதனின் புண் அழுகுவதும் ஒன்றுதானே! புண்ணுக்குள் கிருமி போகாமல் தடுத்தால், போன கிருமியைக் கொன்றுவிட்டால், புண் ஏன் அழுகப்போகிறது?

ஆனால் புண்ணின் மேல் உப்பை அள்ளிக் கொட்ட முடியாது. வேறு என்ன போடுவது? அச்சமயம் கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுவதாக லிஸ்டர் கேள்விப்பட்டார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள் அது. நம் வீடுகளில் தெளிக்கும் கறுப்புப் பினாயிலுக்கு நெருங்கிய உறவு. சாக்கடையில் அழுகலைத் தடுக்கும் மருந்து புண்ணிலும் தடுக்காதா என்று லிஸ்டர் யோசித்தார்.

வண்டிச் சக்கரம் ஏறிய சிறுவன்

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவனுடைய இடது காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு முறிந்திருந்தது, தோலும் கிழிந்து புண்ணாகியிருந்தது.

தோல் கிழியாமல் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டால் கூடிவிடும். தோல் கிழிந்த முறிவென்றால், அந்நாளில் பெரும்பாலும் காலையே எடுத்துவிடுவார்கள். இல்லையேல் உயிர் போகும். இரண்டுக்கும் பயந்துதான் பெற்றோர் பிள்ளையைத் தூக்கி வருவார்கள்.

லிஸ்டர் காலை எடுக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்து மூடி, பலகை வைத்துக் கட்டினார். நான்கு நாட்கள் கழித்துக் கட்டைப் பிரித்தார். சீழ் நாற்றம் வரவில்லை! புண் சுத்தமாக இருந்தது. மீண்டும் மருந்து வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. சிறுவன் இரண்டு காலோடு பிழைத்துக்கொண்டான்.

இங்கே இன்னொருவரையும் நினைக்க வேண்டும். ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த செம்மல்வைஸ் என்ற டாக்டர், 1847இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில், குளோரின் கலந்த நீரில் டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் மரணம் மளமளவென்று குறைந்தது. ஆயினும் மற்ற டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே எமன் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? மனமுடைந்த அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டு, அங்கே புண் புரையோடி இறந்தார். அவர் இறந்தது 1865 ஆகஸ்டு 13ஆம் தேதி. கிளாஸ்கோவில் லிஸ்டர் அந்தச் சிறுவனுக்குக் கட்டுப் போட்ட மறுநாள்! ஒரு விளக்கு அணைந்தது. அதை அறியாமலே வேறோர் ஊரில் வேறொருவர் விளக்கை ஏற்றியிருந்தார்.

அக்காளுக்கு அறுவை

லிஸ்டர் தம் கைகளையும் கருவிகளையும் நோயாளியின் தோலையும் கார்பாலிக் நீரால் கழுவத் தொடங்கினார். 1867இல் தம் முறையை டாக்டர்களின் பத்திரிகையில் வெளியிட்டார்.

அதே ஆண்டு அவருக்குப் பெரிய சோதனை வந்தது. அவருடைய அக்காள் இசபெல்லாவுக்கு மார்பில் புற்றுநோய். மற்ற டாக்டர்கள் கை வைக்கத் தயங்கினார்கள். கடைசியில் தம்பியிடம் வந்தார். கூடப் பிறந்தவளின் உடம்பில் கத்தி வைப்பது லேசான காரியமா? கிளாஸ்கோவில் தம் வீட்டிலேயே, சாப்பாட்டு மேஜையின் மேல், லிஸ்டர் அந்த அறுவையைச் செய்தார். எல்லாவற்றையும் கார்பாலிக் நீரால் கழுவியே செய்தார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அக்காள் மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். புற்றுநோயை லிஸ்டரால் வெல்ல முடியவில்லை. ஆனால் அறுத்த புண்ணால் அக்காளை அவர் இழக்கவில்லை.

புதிய முறைக்குப் பிறகு அவர் மறுபடியும் கணக்கெடுத்தார். கை கால் எடுத்த 40 பேரில் இறந்தவர்கள் 6 பேர்தான். முன்பு பாதிப் பேர் இறந்த அதே ஆஸ்பத்திரி. சிகிச்சை செய்தவரும் அதே டாக்டர்தான். மாறியது சுத்தம் ஒன்றே.

ஆயினும் உலகம் உடனே கைதட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவர்கள் பலர். ஜெர்மனி தேசத்து டாக்டர்களோ சிரிப்பதை விட்டுச் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரிகளில் புரையோடும் நோய் குறைந்தது. 1875இல் லிஸ்டர் ஜெர்மனிக்குப் போனபோது வெற்றி வீரரைப் போல் வரவேற்றார்கள். 1871இல் விக்டோரியா மகாராணிக்கு அக்குளில் கட்டி வந்தபோது, அதைக் கீறிக் குணப்படுத்தியவரும் லிஸ்டர்தான்.

1877இல் லண்டனுக்கு வந்தார். எதிர்ப்பு அங்கேதான் பலமாக இருந்தது. அவ்வாண்டிலேயே, முழங்கால் சில்லு உடைந்த ஒருவரின் மூட்டைத் திறந்து, உடைந்த சில்லைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்துச் சாவு நிச்சயம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த மனிதர் பிழைத்து நடந்தார். ஏளனம் செய்தவர்கள் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டார்கள்.

தவறை ஒப்புக்கொண்டார்

லிஸ்டரின் பெருமை இத்தோடு முடியவில்லை. காற்றில்தான் கிருமி அதிகம் என்று எண்ணி, 1871இல் ஒரு தெளிப்பான் செய்திருந்தார். அறுவை நடக்கும்போது அது கார்பாலிக் நீரைப் பனிபோல் தெளித்துக்கொண்டே இருக்கும். டாக்டர்களின் கண் எரியும், தோல் வெளுக்கும். ஆனாலும் பல ஆண்டுகள் அதை விடாமல் பயன்படுத்தினார்.

பிறகு உண்மை தெளிவாயிற்று. காற்றிலிருந்து புண்ணில் விழும் கிருமியால் வரும் ஆபத்து குறைவு. டாக்டரின் கையும் கருவியும் கட்டுத்துணியும் கொண்டு வரும் கிருமியால்தான் பெரிய ஆபத்து. 1890இல் பெர்லின் மகாநாட்டில், உலகத்து டாக்டர்கள் எல்லாம் கூடியிருந்த சபையில், தெளிப்பானைத் தாம் கைவிட்டுவிட்டதாகவும், அதை எப்போதோ பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாகவும் லிஸ்டர் வெளிப்படையாகச் சொன்னார். புகழின் உச்சியில் இருந்தவர் அவர். மௌனமாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பிழையால் யாராவது ஒரு நோயாளி துன்பப்படக்கூடும் என்பது அவருக்குத் தெரியும்.

அதன்பின் முறைகள் இன்னும் திருந்தின. கிருமியைப் புண்ணில் கொல்வதைவிட, புண்ணுக்குக் கிருமியே வராமல் தடுப்பது மேல் என்று கண்டார்கள். கருவிகளை நீராவியில் வேக வைத்தார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர், தம்மோடு வேலை செய்த நர்ஸின் கை மருந்து நீரால் புண்ணாவதைக் கண்டு, மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். நர்ஸின் கையைக் காக்க வந்த கையுறை, பிறகு நோயாளியின் உயிரையும் காத்தது.

கடைசி நாட்கள்

1892இல் பாரிஸ் நகரில் பாஸ்டருக்கு எழுபது வயது நிறைவு விழா. தளர்ந்துபோன பாஸ்டர், தம்மைப் பாராட்ட வந்த லிஸ்டரை எழுந்து தழுவிக்கொண்டார். கிருமியைக் கண்டு சொன்னவரும் அதைத் தடுத்துக் காட்டியவரும் தழுவிய அந்தக் காட்சியைக் கண்டு சபை ஆரவாரித்தது.

மறு ஆண்டே லிஸ்டருக்கு இடி விழுந்தது. இத்தாலிக்கு ஓய்வுக்குப் போன இடத்தில் ஆக்னெஸ் நோயுற்று இறந்தார். அதன்பின் லிஸ்டர் பழைய உற்சாகத்தோடு இல்லை. பட்டங்கள் வந்தன, பிரபு ஆனார். ஆனால் குறிப்பு எழுத அந்தக் கை இல்லை.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி லிஸ்டர் காலமானார். மன்னர்களையும் மேதைகளையும் அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கும் இடம் இருந்தது. ஆனால் அவருடைய விருப்பப்படியே, மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

பல் நாற்காலியில் உட்காரும்போது

லிஸ்டர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவருடைய முறை வேலூருக்கும் வந்துவிட்டது. 1899இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடர் அம்மையார், 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1918இல் பெண்களுக்கு டாக்டர் படிப்பைத் தொடங்கினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பாகாயத்துக் கல்லூரியாக நிற்கிறது. வாணியம்பாடி மர்மத்தைத் துலக்கியதிலும் அதற்குப் பங்கு உண்டு.

லிஸ்டர் பெயர் பல் வைத்தியத்திலும் நிலைத்துவிட்டது. 1879இல் அமெரிக்காவில் ஒருவர் செய்த கிருமி நாசினிக்கு லிஸ்டரின் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்று கடைகளில் வாய் கொப்பளிக்க விற்கும் லிஸ்டரின்.

ஆனால் பெயரைவிடப் பாடம் முக்கியம். பல் பிடுங்குவதும் ஓர் அறுவைதான். வாயில் இரத்தம் வருகிறது. திறந்த புண் உண்டாகிறது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் சில கிருமிகள், கழுவாத ஊசி வழியாகவும் கருவி வழியாகவும் ஒருவர் இரத்தத்திலிருந்து இன்னொருவர் இரத்தத்துக்குப் போகும். ஆகவே, ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் புதுக் கையுறை போட வேண்டும். ஊசி புதிதாக இருக்க வேண்டும். கருவிகளை நன்றாகக் கழுவி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் 121 டிகிரி சூட்டில் குறைந்தது 15 நிமிஷம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிஷம் வைத்து எடுக்க வேண்டும். பல்லைத் துளைக்கும் யந்திரத்தின் கைப்பிடிக்கும் இதே விதிதான். உறையில் மூடி வைத்த கருவியை நோயாளியின் கண்ணெதிரே பிரிப்பது நல்லது. புண்ணைக் கழுவும் நீர் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் திறந்த புட்டியின் மிச்சத்தை அடுத்தவருக்கு ஊற்றக்கூடாது.

நாற்காலியில் உட்காருகிறவர் இவற்றைக் கேட்கலாம். கருவியை வேக வைத்தீர்களா, ஊசி புதிதா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார், எடுத்துக் காட்டுவார். தம் தவறைப் பெரிய சபையிலே ஒப்புக்கொண்ட லிஸ்டரின் வழியில் வந்த தொழில் அல்லவா அது!

வாணியம்பாடியில் போன எட்டு உயிர்கள் திரும்பி வரப்போவதில்லை. இனி ஒருவரும் அவ்விதம் போகாமல் காக்க, அன்று லிஸ்டர் காட்டிய வழி இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு சிறிது சோப்பு, கொதிக்கும் நீராவி, ஒரு புதுப் புட்டி. அவ்வளவுதான்.